மாடி வீட்டுச் சத்தமில்லாப் பந்து

நவம்பர் 3, திங்கள்

மாலை ஐந்து நாற்பதுக்குக் கீழ் வீட்டிலிருந்து மூன்று தட்டு. ஒட்டடைக்குச்சியைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் கூரையில் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் "கவனம்". இரண்டு என்றால் "போதும்". மூன்று தட்டு இதுவரை வந்ததில்லை.

கீழே இருப்பவர் வீட்டு ஓனர் சென்னியப்பன். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் அளவு குறித்தவர், ஓய்வு பெற்று ஆறு வருடம். எங்கள் நேத்ரா எட்டாவது படிக்கிறாள், பள்ளிக் கூடைப்பந்து டீமில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. புதுக் கட்டடம் கட்டுகிறேன் என்று பள்ளி மைதானத்தைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே தினமும் பந்தை ஐந்நூறு தடவை தட்டிப் பழகச் சொல்லிவிட்டார் பி.டி. மிஸ். மிஸ் தனி வீட்டில் இருக்கிறார் போலிருக்கிறது.

மூன்றாம் தட்டுக்குப் பிறகு ஆளே மேலே வந்துவிட்டார். கையில் ஒரு வெள்ளை அட்டை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குமே, அதே அட்டை. ரிட்டயர் ஆகும்போது ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார் போல. அதில் தேதி, நேரம், சத்தத்தின் அளவு, கடைசியில் அவருடைய சுருக்கொப்பம்.

"உங்களைத் தப்பாச் சொல்லலீங்க அம்மணி. கொழந்தைன்னா ஆடத்தான் செய்யும். ஆனா தலைக்கு மேல கல்லு ஒடைக்கறாப்ல இருக்குதுங்க. முப்பதாந் தேதி அக்ரிமெண்ட் முடியுதுங்களே, அதுக்குள்ள ஒரு வழி பண்ணீட்டிங்கன்னா எனக்கும் புதுப்பிக்கறதுக்கு மனசு வருமுங்க."

கோயம்புத்தூரில் வீட்டைக் காலி பண்ணச் சொல்வதைக்கூட விருந்துக்கு அழைப்பதுபோல்தான் சொல்கிறார்கள். நான் திருச்சிக்காரி, எனக்குப் புரியவே இரண்டு நிமிடம் ஆனது.

இந்த வீடு போனால் என் கணவரின் அண்ணன் வீட்டு மாடிக்குத்தான் போகவேண்டும். சிங்காநல்லூர். நேத்ராவுக்கு இரண்டு பஸ். எனக்கு அண்ணன் மனைவி வசந்தா அக்கா. நான் குக்கர் வைத்தால் எத்தனை விசில் என்று அவர் எண்ணுவார். போகவே மாட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நேத்ரா ஃபோனில் ஒரு பந்தைக் காட்டினாள். ஃபோம் பந்து, வீட்டுக்குள் விளையாடுவதற்கென்றே செய்ததாம். விளம்பரத்தில் ஒரு பையன் பந்தைத் தட்டுகிறான், பக்கத்தில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது. அந்தக் குழந்தை விழித்த பிறகு படம் எடுத்ததைக் காட்டமாட்டார்கள்.

என் கணவர் திலகர் வாங்கியவர்களின் கருத்துகளைச் சத்தமாகப் படித்தார். "'அருமை. என் மாமியார் எழுந்திருக்கவில்லை.' 'ஒரே வாரத்தில் நாய் தின்றுவிட்டது.' 'பந்து நன்றாக உள்ளது, ஆனால் நான் ஆர்டர் செய்தது தோசைக்கல்.'"

"வாங்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க."

"பந்துன்னா சத்தம் வரணும் சுகந்தி. சத்தம் வராத பந்து, உப்பு போடாத ரசம்."

இவர் மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். எங்கள் பம்ப் சத்தமே போடாது என்று ஊர் ஊராகப் போய் விற்பவர்.

நவம்பர் 5, புதன்

ஆர்டர் போட்டாயிற்று.

நவம்பர் 8, சனி

வந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே தட்டையாக ஒரு அப்பளக்கட்டு. காற்றை உறிஞ்சி நசுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு நாள் அப்படியே வைத்தால் உப்பிவிடுமாம். இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தே பொங்கட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

பந்து பொங்கிவிட்டது. மாவு பொங்கவில்லை, குளிர்.

காலை பத்து மணிக்கு முறைப்படி சோதனை. திலகர் கீழே ஓனர் வீட்டு ஹாலில். நானும் நேத்ராவும் மேலே. நடுவில் ஃபோன்.

"இப்ப அடிக்கிறாளா?"

"அடிக்கிறா."

"சரி, அடிக்கச் சொல்லு."

"அடிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கா! நாற்பது ஆச்சு!"

பின்னால் சென்னியப்பன் குரல்: "பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நம்மளை ஏமாத்தறாங்களாட்ட இருக்குதுங்க தம்பி."

சாட்சிக்கு அவர் மனைவி ருக்குமணி அக்காவை மேலே அனுப்பினார். அக்கா படியேறி வந்து, சோபாவில் உட்கார்ந்து, நேத்ரா தட்டுவதைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கத்தினார்: "ஏனுங்க, புள்ள நெசமாவே அடிக்குதுங்கோ!" அந்தச் சத்தம்தான் தெருவுக்கே கேட்டது.

சென்னியப்பன் அட்டையில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் போட்டார். திலகர் ஏதோ வழக்கில் ஜெயித்தவர் மாதிரி படியேறி வந்தார். வாங்கியது வீண்போகவில்லை. நான்தான் வாங்கச் சொன்னேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

எட்டேகாலுக்குத் திலகர் கிளம்பினார், எட்டரைக்கு நேத்ரா. இரண்டு ப்ளவுஸ் தைத்து முடித்தேன். பதினொரு மணிக்கு ஹால் பெருக்கும்போது பந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது. எடுத்து வைத்தேன். எடுத்து வைக்கும்போது ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். வாங்கச் சொன்னவள் என்ற முறையில் ஒரு பொறுப்பு இருக்கிறதே.

நவம்பர் 12, புதன்

பொறுப்பு தொடர்கிறது. இந்தப் பந்து நிஜப் பந்தை விடக் கொஞ்சம் தாமதமாக மேலே வருகிறது. மணிக்கட்டை அதற்கு ஏற்றபடி தளர்த்த வேண்டும். காலுக்கு இடையில் விட்டுத் திருப்பினால் வலப்பக்கம் சரிகிறது. குதித்து எறியும்போது எடை போதவில்லை, கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் சாமி ஸ்டிக்கரைக் குறிவைத்தால் ஒரு சாண் தள்ளிப் போகிறது. இடது கை மறக்கவில்லை.

இதெல்லாம் நேத்ராவுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

முழங்கால் வலி. மாடிப்படி ஏறி இறங்குவதால்.

நவம்பர் 14, வெள்ளி

பதினொன்று இருபதுக்குக் கீழிருந்து இரண்டு தட்டு. எதற்கென்று தெரியவில்லை. நேத்ரா பள்ளியில். நான் ஹாலில் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு காலில்.

நவம்பர் 16, ஞாயிறு

சென்னியப்பன் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால், "பரவாயில்லீங்க, நிக்கறனுங்க" என்றார். அப்படிச் சொன்னாலே விஷயம் பெரிது.

"தம்பி, அந்த மெத்துப் பந்து வந்த பொறவும் தொம் தொம்முன்னு கேக்குதுங்க. சும்மா சொல்லலீங்க. எல்லாம் குறிச்சு வெச்சிருக்கறனுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அட்டையோட வர்றேன், பாருங்க. வசதிப்படலீன்னா மனசுல எதுவும் வெச்சுக்காம நீங்க வேற எடம் பாத்துக்கலாமுங்க."

அவர் போனதும் திலகர் நேத்ராவை உட்காரவைத்துப் பேசினார். அவள் சத்தியம் செய்தாள். "அப்பா, நான் குதிக்கவே மாட்டேன்ப்பா. நின்ன இடத்துலதான் தட்டுறேன்." அவர் நம்பவில்லை. பந்தைப் பிடுங்கி பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார்.

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி கையில் இருக்கும்போது பேசக் கூடாது.

நவம்பர் 17, திங்கள்

பீரோவுக்கு மேலே ஒரே தூசி. ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். துடைப்பதற்கு மேலே இருப்பதையெல்லாம் கீழே இறக்கத்தானே வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

ஜமக்காளத்தை வெயிலில் போடலாம் என்று எடுத்தேன். வெயில் இல்லை. ஹாலில் நாலாக மடித்து விரித்துப் போட்டேன். கால் ஊன்றினால் மெத்தென்று இருக்கிறது. முன்பே யோசித்திருக்கலாம்.

நவம்பர் 20, வியாழன்

நேத்ரா மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. இன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு மிஸ்கிட்ட டீம்ல இருந்து நின்னுக்கறேன்னு சொல்லப்போறேன். பந்தே வேணாம். இந்த வீடு இருந்தா போதும். எனக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போக வேணாம்."

திலகர் அவள் தலையைத் தடவி, "நல்ல புள்ள" என்றார். பாராட்டு வேறு.

நான் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அடுப்பில் பால் பொங்கியது. அணைத்துவிட்டு வருவதற்குள் அவள் கை கழுவப் போய்விட்டாள். பால் ஒரு சாக்குத்தான். பொங்காமல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை, சிலிண்டர் புக் பண்ணிவிட்டு ஹாலில் பந்தோடு குதிக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

நவம்பர் 21, வெள்ளி

இன்று பந்தைத் தொடவில்லை. பதினொன்றேகால் வரை.

நவம்பர் 23, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பத்தரை மணிக்குச் சென்னியப்பனும் ருக்குமணி அக்காவும் வந்தார்கள். காபி கொடுத்தேன். அவர் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, கண்ணாடி மாட்டி, அட்டையைப் பிரித்தார்.

"நவம்பர் ஒம்பதுல இருந்து சாயங்காலம் எல்லாமே பூஜ்யமுங்க. அதைச் சொல்லியே ஆகோணும். பதினொண்ணாந் தேதி, செவ்வாய். பகல் பதினொண்ணு பத்துல இருந்து பதினொண்ணு முப்பத்தஞ்சு வரைக்கும். தொம் தொம். நடுத்தரம். பன்னெண்டு, புதன், அதே நேரம். அதிகம். பதிமூணு, வியாழன், இல்லை."

"ஒரு நிமிஷம் சார்," என்றார் திலகர். "பகலா?"

"பகல்தானுங்க."

நேத்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா, செவ்வாய்க்கிழமை பதினொன்னு பத்துக்கு எனக்கு மேத்ஸ். அங்கதான் இருந்தேன். வேணும்னா டெஸ்ட் மார்க்கைப் பாருங்க."

"தையல் மெஷினா இருக்கும்," என்றேன் நான்.

"மெஷின் வேறங்க அம்மணி. அதுக்குத் தனி அட்டை இருக்குதுங்க. அதுல கொறையே இல்லீங்க." அவர் அடுத்த வரிக்குப் போனார். "பதினெட்டு, செவ்வாய். சத்தம் மெத்துமெத்துன்னு. மேல எதையோ விரிச்சிருக்காங்க. இருபத்தொண்ணு, வெள்ளி. அன்னைக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் தாமதமாத் தொடங்கியிருக்குதுங்க."

ஆறு வருடத்துக்கு முன்பே ஓய்வு கொடுத்திருக்கக் கூடாது இந்த மனிதருக்கு. மின்வாரியத்துக்குத்தான் நஷ்டம்.

திலகர் கூரையைப் பார்த்தார். "அப்ப யாரு?"

"குரங்கா இருக்கும்," என்றேன். "மருதமலைப் பக்கத்துல இருந்து வருதுங்களே. ஜன்னல் திறந்து கிடந்தா..."

சென்னியப்பன் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "கொரங்குங்களா? 'சே, மறுபடியும் போச்சு'ன்னு கொரங்கு சொல்லுங்களா அம்மணி? பத்தொம்பதாந் தேதி, பதினொண்ணு இருபத்தி ரெண்டு. இங்க எழுதியிருக்கறனுங்க."

நேத்ரா என்னைப் பார்த்தாள். கதவுக்கு மேலே இருக்கும் சாமி ஸ்டிக்கரைப் பார்த்தாள். ஸ்டிக்கரைச் சுற்றி உருண்டை உருண்டையாகப் பத்துப் பதினைந்து அழுக்குத் தடம். அவள் பார்த்த பிறகுதான் நானே பார்த்தேன்.

"நான்தான்," என்றேன்.

ருக்குமணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் இருமல் வந்தது. சென்னியப்பன்தான் பாவம், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி அட்டையை மடித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. நான் அளவைத்தான் குறிச்சேன், ஆளைக் குறிக்கலீங்க."

திலகருக்கு இன்னும் விளங்கவில்லை. "நீயா? பந்தா? எதுக்கு?"

"காலேஜ்ல மூணு வருஷம் ஆடினேன். கடைசி வருஷம் கேப்டன். பொண்ணு பார்க்க வந்தப்பவே விளையாடுவேன்னு சொன்னேனே."

"கேரம்னு நினைச்சேன் சுகந்தி!"

பதினெட்டு வருடமாக இந்த மனிதர் என்னைக் கேரம் ஆடியவளாகவே நினைத்து வாழ்ந்திருக்கிறார்.

சென்னியப்பன் எழுந்து, "அக்ரிமெண்ட்டைப் பத்தி யோசிச்சுச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு நிற்குமா போகுமா தெரியவில்லை. நேத்ரா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமே வராமல் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நவம்பர் 24, திங்கள்

பள்ளிக்குப் போய் பி.டி. மிஸ் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். நேத்ரா வெள்ளிக்கிழமையே டீமிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாளாம். தப்பு அவளுடையதில்லை என்று முழுக்கதையையும் சொன்னேன். பதினொன்று பத்து உட்பட.

மிஸ் சிரிக்கவில்லை. "டீம்ல நீங்க எந்த இடத்துல ஆடினீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். பிறகு சொன்னார்: "நேத்ராவைத் திரும்ப எடுத்துக்கலாம்மா. ஆனா முதல் அஞ்சு பேர்ல வேற பொண்ணைப் போட்டாச்சு. இவ இனி மாற்று ஆட்டக்காரிதான். இடம் வேணும்னா அவளேதான் திரும்பப் பிடிக்கணும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். நான் பொத்திக்கொண்டிருந்த ஏழு நாளில் என் மகளுடைய இடம் போய்விட்டது.

நவம்பர் 25, செவ்வாய்

நேத்ராவிடம் சொன்னேன். "சரி" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் "சரி". கீழே இருந்தும் ஒரு பதிலும் இல்லை.

நவம்பர் 26, புதன்

பந்து விற்ற கம்பெனியிலிருந்து ஃபோனில் கேட்கிறார்கள்: எத்தனை நட்சத்திரம்? வாங்கலாமா என்று பிறருக்குச் சொல்லுங்கள்.

ஐந்து போட்டேன். "வாங்கலாம். பந்து சொன்னபடி சத்தம் போடவில்லை. வீட்டில் உள்ள பெரியவர்கள் கைக்கு எட்டாமல் வைக்கவும்" என்று எழுதினேன். மூன்று பேர் பயனுள்ள கருத்து என்று குறித்திருக்கிறார்கள்.

நவம்பர் 27, வியாழன்

திலகர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார், பதினாறு. எதற்கும் இருக்கட்டும் என்றார். வசந்தா அக்கா ஃபோன் செய்து, மாடியில் குக்கர் எந்தப் பக்கம் வைப்பேன் என்று கேட்டார்.

நவம்பர் 29, சனி

சென்னியப்பன் பத்திரத்தாளோடு வந்தார். பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்! வாடகை, தண்ணீர், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம் பழையபடி. ஒன்றே ஒன்று புதிது. திலகர் சத்தமாகப் படித்தார்.

"'ஒன்பது. மேல்தளத்தில் குழந்தைகள் மெத்துப் பந்து விளையாடத் தடை இல்லை. பெரியவர்கள், குறிப்பாகத் திருமதி சுகந்தி அவர்கள், எவ்வகைப் பந்தும் விளையாடக் கூடாது.'"

"டைப் அடிக்கற புள்ள ரெண்டு தடவை கேட்டுச்சுங்க, சரிதானான்னு," என்றார் சென்னியப்பன். "'அவர்கள்' போடச் சொன்னது நான்தானுங்க. மரியாதை கொறையக் கூடாதில்லீங்களா."

வாடகைதாரர் இடத்தில் திலகர் கையெழுத்துப் போட்டார். சாட்சி இடத்தில் நான். எனக்கு எதிராக நானே சாட்சி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீடு கிடைத்துவிட்டது, சிங்காநல்லூர் இல்லை, நேத்ரா மறுபடி தட்டலாம். இதற்குமேல் என்ன வேண்டும்?

பேனாவை மூடிவிட்டு, ஜமக்காளத்தை மடித்துப் பீரோவில் வைத்தேன். சந்தோஷம் என்று எழுதப் பார்த்தேன். இல்லை. எனக்கு அந்த அரைமணி நேரம் அவ்வளவு பிடித்திருந்தது. சொல்லிவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஐந்தரைக்கு யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். நேத்ரா. ஒரு வாரத்தில் "சரி" தவிர அவள் பேசிய முதல் பேச்சு: "எந்திரி. ஷூ இருக்கா?"

இல்லை. திலகரின் வாக்கிங் ஷூவை இரண்டு சாக்ஸோடு மாட்டிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானம். ராத்திரி பெய்த மழையில் சிமெண்ட் தரை ஈரம். ஓரத்தில் இரண்டு பேர் நடைபயிற்சி. அவள் பையிலிருந்து நிஜப் பந்தை எடுத்து என் நெஞ்சுக்கு நேராக எறிந்தாள். பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது.

"பதினொரு பாயிண்ட் வரைக்கும். அம்மான்னு பார்க்க மாட்டேன்."

பார்க்கவில்லை. முதல் ஐந்து புள்ளி அவளுக்கு. நான் மூச்சு வாங்கினேன். ஆறாவது எடுக்க வந்தபோது அவள் தோள் இறங்குவதைப் பார்த்தேன், எந்தப் பக்கம் போகப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்தைப் பறித்து இடது கையால் போட்டேன். விழுந்தது. நடைபயிற்சிக்காரர் ஒருவர் நின்றுவிட்டார். நேத்ரா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அது எப்படி உனக்குத் தெரிஞ்சது?"

"தோளை முன்னாடியே இறக்கிடறே. எல்லாப் பொண்ணுக்கும் தெரிஞ்சுடும்."

"மிஸ் இதைச் சொன்னதே இல்ல."

கடைசியில் பதினொன்று நான்கு, அவள் வெற்றி. நான் மைதான ஓரத் திண்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை, பக்கத்தில் வைத்தாள். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"நாளைக்கும் வரணும். நாளான்னைக்கும் வரணும். என் இடத்தைப் போக்கினது நீதானே? நீயே வாங்கிக் குடு."

சரி என்றேன்.